சூடாகத்தான் செய்யும், தம்பி!

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எத்தனை கிராம், எந்த மாதம் செய்தது, யார் செய்தது, அதிகபட்ச விலை எவ்வளவு, குறை இருந்தால் யாருக்கு எழுத வேண்டும்... எல்லாம் எறும்பு சைஸ் எழுத்திலாவது இருக்கும். இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். 2011ல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் அப்படிச் சொல்கின்றன.

இப்போது எழுபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கேமிங் லேப்டாப்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதே சட்டத்துக்குப் பயந்து அதிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 'நிகர அளவு: 1 எண்ணிக்கை' என்று இருக்கும். அதாவது, பெட்டிக்குள் ஒரு லேப்டாப் இருக்கிறது, இரண்டு இல்லை. ரொம்ப நன்றி ஐயா!

அந்த ஒன்று எந்த வெயிலில், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் ஓடும்? அதன் கீல் எத்தனை தடவை திறந்து மூடினால் தாங்கும்? உப்புக் காற்றில் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும்? பிஸ்கட்டின் எடையைப் போல, வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள் இவைதான். ஒரு வரி கிடையாது.

இதைத் தூத்துக்குடியை முன்னால் வைத்துப் பேச விரும்புகிறேன். சென்னையில் ஏசி போட்ட ஐ.டி. கம்பெனிக்குள் உட்கார்ந்து பேசினால் இந்த விஷயத்தின் சூடு தெரியாது.

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகமாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில். உப்பு அங்கே ஏன் அப்படி விளைகிறது? மழை குறைவு, வெயில் அதிகம், காற்றுக்குக் குறைவில்லை, பக்கத்தில் கடல். உப்பளத்துக்கு எவையெல்லாம் வரமோ, அவையெல்லாம் எலெக்ட்ரானிக்ஸுக்குச் சாபம். ஒரு லேப்டாப்பின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

அந்த ஊரில் கேமிங் லேப்டாப் வாங்குவது யார்? பொழுதுபோகாத பணக்கார வீட்டுப் பையன் என்று நினைத்தால் தப்பு. இன்ஜினீயரிங் படிக்கிற பையன், ஆர்க்கிடெக்சர் படிக்கிற பெண், கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிற இளைஞர். முப்பரிமாணப் படம் வரையவும் வீடியோ கோக்கவும் கிராஃபிக்ஸ் சிப் வைத்த மெஷின் வேண்டும். அந்தச் சிப்போடு குறைந்த விலைக்குக் கிடைக்கிற ஒரே ஜாதி இந்த 'கேமிங்' ஜாதிதான். ஹார்பரில் லோடு ஏற்றுகிற அப்பா, உப்பளத்துக்குப் போகிற அம்மா, நகையை வைத்தோ தவணையிலோ வாங்கித் தருகிறார்கள். பையன் ராத்திரி இரண்டு மணி நேரம் கேம் விளையாடினால்தான் என்ன? நாம் கேரம் ஆடவில்லையா?

கடையில் நடக்கிற பேச்சு உங்களுக்கும் தெரிந்ததுதான்.

"அண்ணாச்சி, இது ரொம்பச் சூடாகும்னு சொல்லுதாங்களே?"

"கேமிங் லேப்டாப்னா சூடாகத்தான் செய்யும், தம்பி."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கம்பெனி அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கியம் பாதி உண்மை. மீதிப் பாதியை மறைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

பாதி உண்மை என்ன? சிப் சூடாகும், 90 டிகிரி தொட்டாலும் உடனே செத்துப்போகாது. உற்பத்தியாளர்களே 95, 100, 105 டிகிரி என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும்.

மறைத்த பாதி இதுதான்: வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது இல்லையா, அந்த வேகத்துக்குத்தானே நீங்கள் காசு கொடுத்தீர்கள்?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கழித்தல்தான். லேப்டாப்புக்குள் சிப்பின் மேல் ஒரு செப்புக் குழாய் படுத்திருக்கும். அது வெறும் கம்பி இல்லை. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளித் தண்ணீர் வைத்து அடைத்திருப்பார்கள். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடும். அங்கே மெல்லிய தகடுகளின் வழியாக ஃபேன் காற்று போகும். ஆவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பி வரும். அழகான ஏற்பாடு. ஆனால் கடைசியில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டியது உங்கள் அறையின் காற்றுதான். எவ்வளவு சூடு வெளியே போகும் என்பது, சிப்புக்கும் அறைக்கும் இடையில் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதைப் பொறுத்தது.

சிப்பின் எல்லை 95 என்று வையுங்கள். 25 டிகிரி ஏசி அறையில் வித்தியாசம் 70. தூத்துக்குடியில் மே மாத மதியம், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் 40 டிகிரி. வித்தியாசம் 55. எழுபதில் பதினைந்து போச்சு. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஏசி அறையில் 100 வாட் சூட்டை வெளியே தள்ளிய அதே குழாயும் அதே ஃபேனும் இங்கே 80 வாட் தள்ளத் திணறும். மீதி இருபது வாட்டுக்கான வேகத்தை சிப் விட்டுக்கொடுத்துவிடும். இத்தனையும் தூசி அடையாத புது மெஷினில்!

விளம்பரத்தில் வருகிற வேகம் எந்த அறையில் அளந்தது? நம் ஓட்டு வீட்டில் அளந்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. லேப்டாப்போடு வருகிற, யாரும் படிக்காத கையேட்டைத் தேடிப் படியுங்கள். 'இயங்கும் வெப்பநிலை' என்று ஒரு வரி இருக்கும். பல லேப்டாப்களில் அது 35 டிகிரியோடு நின்றுவிடுகிறது. தூத்துக்குடியில், மதுரையில், வேலூரில் கோடையில் 35 டிகிரி என்பது காலை பத்து மணி. அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் நாம் அந்தக் கையேட்டுக்கு வெளியே வசிக்கிறோம். ஊருக்குப் பொருந்தாத பொருளை ஊரில் விற்பார்களாம். பொருந்தாது என்பதைப் பெட்டியின் மேல் மட்டும் எழுத மாட்டார்களாம்.

சரி, வெயில் கம்பெனி செய்த குற்றம் இல்லை. அடுத்ததற்கு வருவோம். இது முழுக்க முழுக்க மனிதர்கள் செய்தது.

தூத்துக்குடி என்றால் முத்து. அந்தக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ல். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் நடந்த அந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம். சுத்தமான சூதாட்டம். ஆனால் அந்தச் சூதாட்டத்துக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். குளிப்புக்கு முன்னால் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, ஆயிரத்துக்கு இவ்வளவு மதிப்புத் தேறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் குளிப்பு நடத்துவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள்.

சிப்பியைத் திறந்த பிறகு இன்னும் கறார். பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதல் சல்லடையில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று போய்க் கடைசிச் சல்லடையில் 1000 துளை. முத்தைச் சலித்து அளவு பிரித்து, உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரித்து, மஞ்சாடிக் கணக்கில் எடை போட்டு விற்றார்கள். உச்சத் தரத்துக்கு ஆணி என்று பெயர். ஆணிமுத்து என்று இன்றைக்கும் சொல்கிறோம். அடிமட்டம் தூள். இரண்டும் முத்துதான். ஆனால் தூளைக் காட்டி 'இதுவும் முத்துதான், அதுவும் முத்துதான்' என்று ஆணியின் பெயரில் விற்றிருந்தால், அந்த வியாபாரி மறுநாள் சந்தையில் நின்றிருக்க முடியுமா?

இப்போது லேப்டாப்புக்கு வாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4050 என்று ஒரு கிராஃபிக்ஸ் சிப். குறைந்த விலை கேமிங் லேப்டாப்களில் நிறைய வந்தது. தயாரித்த என்விடியாவின் கணக்குப்படியே இந்தச் சிப் 35 வாட்டிலும் ஓடலாம், 115 வாட்டிலும் ஓடலாம். எவ்வளவு வாட் கொடுப்பது என்பது லேப்டாப் கம்பெனியின் விருப்பம். அது வைக்கிற குழாயையும் ஃபேனையும் பொறுத்தது. 35க்கும் 115க்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஸ்டிக்கர் ஒன்றே. பெயர் ஒன்றே. கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஆணியும் தூளும் ஒரே பெயரில்!

இது தெரியாமல் நடந்ததும் இல்லை. 2017ல் 'மேக்ஸ்-க்யூ' என்று ஒரு வால் ஒட்டினார்கள். மெலிந்த லேப்டாப்புக்காக வாட் குறைத்த சிப் என்று அர்த்தம். விஷயம் தெரிந்தவர்களாவது அதைப் பார்த்து விலகிக்கொள்ள முடிந்தது. 2021ல் சிப்பின் பெயரிலிருந்து அந்த வாலையும் வெட்டினார்கள். உலகம் முழுக்க ஆட்சேபணை கிளம்பியது. அதற்குப் பிறகுதான் என்விடியா லேப்டாப் கம்பெனிகளிடம், வாட் கணக்கை உங்கள் இணையதளத்தில் போடுங்கள் என்று சொன்னது. இணையதளத்தில்! எங்கோ நாலாவது பக்கத்தில், அடிக்குறிப்புக்குக் கீழே. டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் கடைக்கு வந்து நிற்கிற அப்பா பெட்டியைத்தானே பார்ப்பார்?

'குறைந்த விலைக்கு இவ்வளவுதான் ஸார் கிடைக்கும்' என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம் மாதிரித் தெரியும். அதை உரித்துப் பாருங்கள்.

பிராஸஸரை இரண்டு மூன்று கம்பெனிகள்தான் செய்கின்றன. லேப்டாப் கம்பெனி அதை விலைக்கு வாங்கித்தான் பொருத்துகிறது. அதில் ரொம்ப மிச்சம் பிடிக்க முடியாது. பிடிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். அப்படியானால் விலையை எங்கே குறைப்பது? ஸ்டிக்கர் இல்லாத இடத்தில். மூன்று செப்புக் குழாய்க்குப் பதில் இரண்டு. இரண்டு சிப்புக்கும் பொதுவாக ஒரு குழாய். அலுமினியத்துக்குப் பதில் பிளாஸ்டிக் உடம்பு. மட்டமான திரை. அப்புறம் கீல்.

கீல் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரிப்பேர் கடைக்காரர் யாரையாவது கேளுங்கள், 'ஹின்ஜ் உடைஞ்சு வர்ற லேப்டாப்' என்று ஒரு அலமாரியே காட்டுவார். திரையைத் தாங்குகிற கீல் இரும்புதான், கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அதை முடுக்கியிருக்கும் திருகு போய் உட்காருவது பிளாஸ்டிக்கில் பதித்த ஒரு சின்னப் பித்தளை மரையில். நாள்தோறும் திறந்து மூட, அந்த மரை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஒரு நாள் 'டப்'. திரை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். சர்வீஸ் சென்டரில் 'கீழே போட்டீங்களா?' என்பார்கள். எழுபதாயிரம் ரூபாய்ப் பொருள், அரைக்கால் அங்குலப் பிளாஸ்டிக்கில் தொங்குகிறது.

விலை குறைந்த பொருள் செய்வதை நான் குறை சொல்லவில்லை. நாலு சக்கர வண்டி வாங்க முடியாதவர் மொபெட் வாங்குகிறார், மொபெட் தேவைதான். ஆனால் அதை மொபெட் என்று சொல்லி விற்க வேண்டும். மலிவு தப்பில்லை. மறைப்புதான் தப்பு.

அடுத்து, உப்பு. மற்ற ஊர்க்காரர்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பார்கள். தூத்துக்குடிக்காரர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் போய்ப் பாருங்கள். கடலுக்குப் போய்வந்த அவுட்போர்டு மோட்டாரை நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் வைக்க மாட்டார்கள். கப்பலின் இரும்பு உடம்பில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். இரும்புக்குப் பதிலாக அது அரிபடட்டும் என்று விடுகிற பலியாடு. உப்புக்குப் பயப்படத் தெரிந்த ஊர் அது.

லேப்டாப் என்ன செய்கிறது? ஃபேனை வைத்து அந்தக் காற்றை வலிய உள்ளே இழுக்கிறது. காற்றில் மிதக்கிற உப்புத் துகள் தகடுகளிலும் சர்க்யூட் போர்டிலும் போய் உட்காரும். காய்ந்த உப்பு சும்மா இருக்கும். ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடி நசநசக்கிறதே, அதே சங்கதி. கடலோர ஊரில் ராத்திரி ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். பகல் முழுக்கச் சூடு, ராத்திரி உப்புத் தண்ணீர். செம்பில் பச்சை பூக்கிறது. ஒரு நாள் மெஷின் ஆன் ஆகாது. உத்தரவாதத் தாளை எடுத்துப் பார்த்தால், துரு, ஈரம், சுற்றுச்சூழல் பாதிப்பு இதெல்லாம் எங்கள் பொறுப்பில் வராது என்று இருக்கும். பல தாள்களில் அப்படித்தான் இருக்கிறது.

'ராணுவத் தரம்' என்று விளம்பரம் செய்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனைத் தொகுப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதில் சூடு, அதிர்வு, மழை, மணல் என்று பல சோதனைகள். உப்புமூட்டம் என்றும் ஒன்று உண்டு: 5 சதவிகித உப்புக் கரைசல், 35 டிகிரி, ஒரு நாள் நனைத்து ஒரு நாள் உலர்த்தி, அப்படி இரண்டு சுற்று. ஆனால் எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கடைச் சரக்குக்கு அந்த ராணுவம் சான்றிதழ் எதுவும் தருவதில்லை. பத்துப் பாடத்தில் பிடித்த நாலை மட்டும் எழுதிவிட்டு 'பாஸ்' என்று போர்டு மாட்டுகிற மாதிரி. அடுத்த முறை 'ராணுவத் தரம்' என்று யாராவது சொன்னால், 'உப்புமூட்டச் சோதனை செய்தீர்களா?' என்று மட்டும் கேளுங்கள்.

நம் நாட்டில் இதற்கெல்லாம் வசதி ஏது என்று பெருமூச்சு விடாதீர்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, காரைக்குடியில் 1953ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உலோகம் அரிபடுவதை ஆராய்வது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. இந்தியாவில் எந்த ஊரில் எவ்வளவு துருப்பிடிக்கும் என்று வரைபடமே போட்டவர்கள். கடலோர அரிப்பை ஆராய மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு நிலையம். தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் இன்னொன்று. சோதனை முறையும் இருக்கிறது. ஐஎஸ் 9000 என்ற இந்தியத் தர வரிசையில் உப்புப்பனிச் சோதனைக்கென்றே ஒரு பகுதி உண்டு. லேப்டாப்பை அசெம்பிள் செய்வதும் இங்கேதான். ஸ்ரீபெரும்புதூரில் டெல் தொழிற்சாலை 2007லேயே வந்துவிட்டது. கடல் இருக்கிறது, உப்பு இருக்கிறது, விஞ்ஞானி இருக்கிறார், தொழிற்சாலை இருக்கிறது. கட்டாயம் என்று சொல்கிற ஒரு வரி மட்டும் இல்லை.

இப்போது கட்டாயமாக இருப்பது என்ன? லேப்டாப்பை இந்தியத் தர அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அது பாதுகாப்புக்கான பதிவு. ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று பார்க்கும். அவசியம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'இந்த லேப்டாப் உங்களைக் கொல்லாது' என்பது மட்டும் எழுபதாயிரம் ரூபாய்க்குப் போதுமான உத்தரவாதமா?

'இந்திய வெயிலுக்குத் தனியாகத் தரம் வைப்பதெல்லாம் நடக்கிற காரியமா?' என்பவர்களுக்கு ஒரு உதாரணம், உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. ஏசி. அதன் நட்சத்திரக் கணக்கு முன்பு ஒரே ஒரு வெப்பநிலையில் அளந்து போட்டது. பிறகு இந்தியாவின் வெயிலுக்கு ஏற்றபடி 24 முதல் 43 டிகிரி வரை வெளி வெப்பநிலையைக் கணக்கில் எடுத்து அளக்கும் முறை கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரி முதல் அது கட்டாயம். எந்தக் கம்பெனியும் கடையை மூடிவிட்டு ஓடிப்போய்விடவில்லை. உப்புக் காற்றைத் தாங்கும் பூச்சு பூசியிருக்கிறோம் என்று அவர்களாகவே இப்போது விளம்பரம் செய்கிறார்கள். ஏசிக்கு முடிந்தது லேப்டாப்புக்கு ஏன் முடியாது?

'செலவு கூடும், விலை ஏறும்' என்பார்கள். சோதனை ஒரு மாடலுக்கு ஒரு முறைதான். ஒவ்வொரு பெட்டியையும் உப்பில் முக்கி எடுக்கச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் விற்கிற ஒரு மாடலுக்கு அந்தச் செலவைப் பங்கு போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் வருகிற நடிகருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சரித்திரமும் இருக்கிறது. 2007ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிகள் வரிசையாகச் செத்தன. ஜனங்கள் விடவில்லை. கம்பெனி உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2008 ஜூலையில் என்விடியா, தன் லேப்டாப் சிப்களில் சில வழக்கத்துக்கு மேல் பழுதாகின்றன, சிப்பைப் பொதிகிற பொருள் பலவீனம் என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடாகிச் சூடாகி ஆறுவதில் விட்டுப்போன சிப்கள் அவை. அமெரிக்காவில் வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2010ல் சமரசம் ஏற்பட்டு டெல், எச்பி, ஆப்பிள் லேப்டாப்கள் சிலவற்றுக்குப் பரிகாரம் கிடைத்தது. அங்கேயும் முதலில் 'சூடாகத்தான் செய்யும்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதவர்களுக்குத்தான் நியாயம் கிடைத்தது.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை.

ஒன்று: பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கிராஃபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் என்று போட வேண்டும்.

இரண்டு: 40 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் முழு வேலை வாங்கிய பிறகு எத்தனை வாட் மிஞ்சுகிறது, விசைப்பலகை எத்தனை டிகிரி என்று போட வேண்டும். முதல் ஐந்து நிமிஷ வேகம் யாருக்கு வேண்டும்?

மூன்று: கீல் எத்தனை ஆயிரம் தடவை தாங்கியது, உப்புப்பனிச் சோதனை செய்ததா இல்லையா என்று போட வேண்டும். 'செய்யவில்லை' என்றாலும் சரி, அதைப் போடுங்கள்.

நாலு: அரசாங்கம் தானே முதலில் செய்து காட்ட வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் முதல், கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் கம்ப்யூட்டர் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது வரை, லட்சக்கணக்கில் வாங்குவது தமிழக அரசு. ஒற்றை அப்பா கேட்டால் கம்பெனி சிரிக்கும். டெண்டரில் ஒரு வரி எழுதினால் சல்யூட் அடிக்கும். '40 டிகிரியிலும் கடலோரக் காற்றிலும் சோதித்தது' என்ற வரி, இனி வருகிற ஒவ்வொரு டெண்டரிலும் இருக்க வேண்டும். தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பிள்ளைகளும் அதே லேப்டாப்பைத்தானே வாங்கப் போகிறார்கள்?

அதுவரைக்கும் நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வாட் கணக்கைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், கம்பெனியின் தளத்தில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து பாருங்கள். உடம்பு முறுக்கிக்கொண்டு எழுந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்கி முதல் வாரத்திலேயே, மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாத அறையில், ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். குறை இருந்தால் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் வழி இருக்கும். கேமுக்கு விநாடிக்கு 60 படம் போதும் என்று கட்டுப்படுத்தி வைத்தால் சூடு நன்றாகவே குறையும். பின்பக்கம் ஒரு அங்குலம் உயர்த்தி வையுங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள். சார்ஜை 80 சதவிகிதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டு வையுங்கள். கடல் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, தெரிந்தவரிடம் கொடுத்து உள்ளே சுத்தம் செய்யுங்கள்.

இதெல்லாம் செய்தும் போய்விட்டால், பில்லைத் தொலைக்காதீர்கள். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகிறது. ஐந்து லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது. கம்பெனி பெங்களூரில் இருக்கிறதா, தைவானில் இருக்கிறதா என்ற கவலை வேண்டாம். அவர்கள் தூத்துக்குடிக்கு வந்து பதில் சொல்லட்டும். முதலில் 1915 என்ற எண்ணுக்கு ஒரு போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள்.

ஆனால் இந்த வைத்தியமெல்லாம் நம் கையில் கொடுத்துவிட்டுக் கம்பெனி தப்பித்துக்கொள்ளக் கூடாது. குடை பிடிக்கிற பொறுப்பு நம்முடையது. குடையில் ஓட்டை இருந்தால் சொல்லிவிட்டு விற்கிற பொறுப்பு அவர்களுடையது.

கடலுக்கு அடியிலிருந்து எடுத்த முத்துக்குப் பத்துச் சல்லடை வைத்தார்கள், கம்ப்யூட்டர் என்ற வார்த்தையையே கேள்விப்படாத மனிதர்கள். ஃபேக்டரியில் செய்து, எண் போட்டு, ஒவ்வொரு திருகுக்கும் கணக்கு வைத்திருக்கிற பொருளுக்கு ஒரு சல்லடை வைக்க இவர்களால் முடியாதா? முடியும். நீங்களும் நானும் கேட்காதவரைக்கும் வைக்க மாட்டார்கள்.

அடுத்த முறை கடையில் 'சூடாகத்தான் செய்யும், தம்பி' என்று சொன்னால், திருப்பிக் கேளுங்கள்: "எவ்வளவு, அண்ணாச்சி? எழுதிக் கொடுங்க."